குமுளி மலையில் நான் தளர்த்திய முடிச்சு

என் நண்பனின் கை முறிந்ததற்குக் காரணம் நான்தான். அவன் உட்கார வேண்டிய கல்லாவில் வேறொருவர் உட்கார்ந்ததற்கும் நான்தான்.

போன ஞாயிறு பழங்காநத்தத்தில் சில இளைஞர்கள் கியர் சைக்கிளில் குமுளிக்குக் கிளம்பினார்கள். 'யுத்த காலத்துலயே மலை ஏறினவர்' என்று சொல்லி, என் கையில் கொடியைத் திணித்தார்கள். அசைத்தேன். கை தட்டினார்கள். அந்த மலையில் நான் செய்தது அவர்களுக்குத் தெரியாது...

நானும் காதரும் காலேஜில் ஒரே பெஞ்ச். அவன் அத்தாவுக்கு ஜவுளிக்கடை. வெளியூர் போகும் துணி மூட்டைகளை அவன் கட்டினால், அறுத்துத்தான் பிரிக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் கல்லா அவனுக்குத்தான் என்று பேச்சு.

ஒரு லீவில் இருவரும் குமுளிக்குப் புறப்பட்டோம். சைக்கிளை விட்டு இறங்காமல் கணவாயைத் தொடுவது என்று சபதம். போட்டது யார்? வேறு யார், நான்தான்.

கம்பத்தில் தங்கிவிட்டு, விடிந்ததும் ஏறத் தொடங்கினோம். இரண்டாவது வளைவிலேயே எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. காதர் மிதித்துப் போய் மறைந்தே விட்டான்.

அப்போது பின்னால் ஒரு லாரி முனகிக்கொண்டு வந்தது. யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காத நாள். கரியை எரித்து, அந்த வாயுவில் ஓடும் வண்டி. நடந்து போகிறவனே முந்திவிடலாம். பின்பலகையைப் பிடித்துக்கொண்டேன். உச்சிக்குச் சற்று முன்னால் கையை விட்டுவிட்டு, வீரனைப் போல மிதித்து வந்து சேர்ந்தேன்.

டீக்கடை பெஞ்சில் இருந்த காதர் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"மாப்ள, மிதிச்சு வந்தியா... எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டு வந்தியா?"

கடைக்காரர் கண்ணாடியை நீட்டினார். பல்லைத் தவிர முகமெல்லாம் கரி! கடையே சிரித்தது. திருவிதாங்கூர் எல்லை என்பதால் மலையாளத்திலும் சிரித்தார்கள் — அது ஏனோ இன்னும் கொஞ்சம் வலித்தது.

மலை இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்ப மாட்டோம். ஒரு மரக்கிளையைச் சைக்கிளின் பின்னால் கட்டி, தரையில் இழுபட விடுவோம். வேகம் அடங்கும். காதர் இரண்டு சைக்கிளிலும் கிளை கட்டிவிட்டு, கை கழுவப் போனான். நான் அவன் கயிற்றில் கை வைத்தேன்.

முழுக்க அவிழ்க்கவில்லை. தளர்த்தினேன், அவ்வளவுதான். அந்த வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லித்தான் பல வருஷம் தூங்கினேன்.

வழியில் கிளை கழன்று விழும், இறங்கி நின்று என்னைப் போல அசடு வழிவான் என்று நினைத்தேன். கிளை கழன்றது ஒரு செங்குத்தான வளைவில். பிரேக் பிடிக்கவில்லை. புதருக்குள் போய் விழுந்தான்.

கட்டுப்போட்ட கையோடு வந்த மகனைப் பார்த்து அத்தா சொன்னார்: "ஒரு முடிச்சு போடத் தெரியல. இவனை நம்பிக் கடையை விடவா?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயே திறக்கவில்லை.

கல்லா அத்தாவின் மருமகனுக்கு, காதரின் அக்கா வீட்டுக்காரருக்குப் போனது. காதர் அவருக்குக் கீழே, கிடங்கில்.

யுத்தம் முடிந்தது. பசுமலையில் எனக்கு வாத்தியார் வேலை. உண்மை பேச வேண்டும் என்று பாடம் நடத்தும்போதெல்லாம் அந்தக் கயிறு நினைவுக்கு வந்தது. ஒருநாள் நேரே கடைக்குப் போய், அத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கல்லாப் பக்கம் பார்த்தார். பிறகு, "மருமகனை எப்படித் தம்பி எழுந்திரிக்கச் சொல்வேன்?" என்றார். அடுத்த மாதம் திருப்பரங்குன்றத்தில் காதருக்குத் தனியாக ஒரு சின்னக் கடை வைத்துக் கொடுத்தார். பெரிய கடையின் வாசல் அளவுதான் இருக்கும்.

அங்கே போய் காதர் முன்னால் நின்றேன்.

"என் முடிச்சு தானா அவிழாது மாப்ள. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன்டா அத்தாகிட்டச் சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். இம்புட்டு நாளா?"

"பயம்டா..."

"பிரேக் பிடிக்காம இறங்குனேனே, எனக்கு எம்புட்டு இருந்திருக்கும்?"

டீ வாங்கிக் கொடுத்தான். அதற்கப்புறமும் நாங்கள் சேர்ந்தே சைக்கிளில் சுற்றினோம். ஒன்றே ஒன்று — கடைசிவரை அவன் சைக்கிளுக்குப் பின்னால் என்னை வரவிட்டதே இல்லை.