பொன்னுத்தாயின் தாடையில் வைத்த எலும்பு

அம்சவல்லி ட்ரே வைத்தால் பல் டாக்டர் தியாகேசன் திரும்பிப் பார்ப்பதில்லை. கையை மட்டும் நீட்டுவார். ஈறைப் பிரிக்கும் எலிவேட்டர், சதையைச் சுரண்டும் கியூரெட், எலும்பில் துளை போடும் ட்ரில்கள் சின்னதிலிருந்து பெரியதுவரை, திருகை இறுக்கும் ரெஞ்ச் என்று எல்லாம் அவர் கேட்கிற வரிசையிலேயே இருக்கும். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து வந்த பொட்டலத்தில் நிறப்பட்டை கறுத்திருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் அவள் பிரித்ததில்லை. நன்னிலத்துக்குப் பக்கத்தில், வயல் வேலையே கதியென்று கிடந்த கீழத்தெருவிலிருந்து தஞ்சாவூருக்கு வந்து வெள்ளைக் கோட்டு போட்ட முதல் பெண் அவள். வீட்டில் எல்லோருக்கும் அதில் பெருமை. எட்டாவதோடு நின்று அவளைப் படிக்கவைத்தவன் அண்ணன் ஐயாவு. அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பெருமை.

ஆனால் அவளுடைய அம்மாவின் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. நாற்று நடும்போது பசி தெரியாமலிருக்க அடக்கிய புகையிலை பொன்னுத்தாயின் பற்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்விட்டது. கட்டிக்கொடுத்த பல்செட் கீழ்த்தாடையில் நிற்கவில்லை. பேசினால் எழும்பியது, தின்றால் குத்தியது. சோற்றைக் குழையப் பிசைந்து, நாக்கால் மேலண்ணத்தில் நசுக்கி விழுங்குவாள். விசேஷ வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காரமாட்டாள். ஊரார் வாயிலெல்லாம் கருவி பிடிக்கிறவளுக்கு, ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த நாக்கைப் பார்க்க முடியவில்லை.

டாக்டரே முன்வந்தார். "உங்கம்மாவக் கூட்டிட்டு வா. கீழ எலும்புல ரெண்டு இம்ப்ளான்ட் திருகு போட்டு, அதுமேல செட்ட மாட்டிடலாம். கரும்பே கடிக்கலாம்."

ஸ்கேனில் பார்த்தால் தாடை எலும்பு வரப்பு மாதிரி மெலிந்திருந்தது. திருகு நிற்க இடமில்லை. முதலில் எலும்பு வளர்க்க வேண்டும். அவள் தாடையின் பின்புறத்திலிருந்தே சுரண்டி எடுத்து முன்னால் வைக்கலாம். அதற்கு இன்னோர் இடத்தில் அறுக்க வேண்டும், வீக்கம் அதிகம். இல்லையென்றால் குப்பியில் வருகிற எலும்புத்தூள்.

"குப்பியே போதும் சார். அம்மா தாங்காது," என்றாள் அம்சவல்லி.

அவளுக்கு அது குப்பிதான். வெள்ளை ரவை மாதிரி இருக்கும். எத்தனையோ பேர் வாய்க்கு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பெயரையும் தேதியையும் உரக்கப் படித்துவிட்டுத்தான் உடைப்பாள். எதிலிருந்து செய்தது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்ப்பது நின்றுபோய் வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. பொன்னுத்தாயின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றி, மஞ்சள் ஜவ்வாகப் பிரித்து, அதில் எலும்புத்தூளைக் குழைத்தாள் மகள். அதைத் தாடைமேல் பரப்பி, தானாகக் கரையும் மெல்லிய மெம்பரேன் சவ்வைப் போர்த்தி, டாக்டர் தைத்தார். மரத்துப்போன வாயோடு பொன்னுத்தாய் மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல் பிரிக்கிற அன்று டாக்டர் நல்ல மனநிலையில் இருந்தார். காயம் ஆறி, ஈறு மூடியிருந்தது.

"ஊர்ல எத்தனையோ மாட்டப் பாத்திருப்பீங்கம்மா. இப்ப வாய்க்குள்ளயே ஒண்ணு கட்டியாச்சு. அதுவும் வெளிநாட்டு மாடு!"

ரிசப்ஷன் பெண் சிரித்தாள். அம்சவல்லியும் சிரித்தாள். அப்புறம்தான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன மாடு?" என்றாள் பொன்னுத்தாய்.

"மாட்டெலும்பும்மா. சுத்தம் பண்ணி, தூளாக்கி வரும். பயப்படாதீங்க."

பொன்னுத்தாய் நாற்காலியிலிருந்து இறங்கி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

அம்சவல்லி பிறப்பதற்கு முந்தின கதை அது. பண்ணைத் தொழுவத்தில் மாடு செத்தால் கீழத்தெருக்காரன்தான் தூக்க வேண்டும், உரிக்க வேண்டும். செத்த மாட்டின் கறியே கூலி. ஆட்சி மாறி, தெருவில் கொடிக்கம்பங்கள் ஏறிய பிறகு, இனித் தூக்குவதில்லை என்று ஆண்கள் கூடி முடிவெடுத்தார்கள். முதலில் சொல்லப் போனவன் பொன்னுத்தாயின் புருஷன் மருதையன். பண்ணை ஆட்கள் அவனை மூங்கில் கழியால் அடித்து வாய்க்காலில் போட்டார்கள். அவன் கால் கடைசிவரை நேராகவில்லை. அந்த வருஷ நெல் அறுப்புக்குக் கீழத்தெருவைக் கூப்பிடாமல் வெளியூர் ஆளை இறக்கினார்கள். கைக்குழந்தை ஐயாவை வைத்துக்கொண்டு பசிக்கு நத்தை பொறுக்கி அவித்துக்கொண்டிருந்த பொன்னுத்தாயிடம், பண்ணைக் காரியக்காரர் வந்து நின்றார்.

"நாலு பேரக் கூப்பிட்டு அந்த மாட்டத் தூக்கச் சொல்லு. நாளைக்கே உனக்கு அறுப்பு வேல."

"உங்க மாடு. நீங்களே தூக்குங்க."

அவள் வாழ்க்கையில் பெரிதாகச் சொல்லிக்கொள்ள இந்த ஒரு பதில்தான் இருந்தது. பிள்ளைகள் இதைக் கேட்டே வளர்ந்தார்கள். அம்சவல்லிக்கு மனப்பாடம். குப்பியை உடைத்தபோது ஒரு வார்த்தைகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அவள் அம்மாவைப் பிடித்தாள்.

"அது செத்த மாடு இல்லம்மா. கம்பெனியில செய்யறது. சதை, கொழுப்பு எதுவும் இல்ல. வெறும் சுண்ணாம்புச் சத்து. அஞ்சாறு மாசத்துல உன் எலும்பாவே ஆயிடும்."

"என் எலும்பாவா?"

"மாட்டுக்கறி திங்கலையாம்மா நம்ம தெருவுல?"

"ஆசப்பட்டு வாங்கித் திங்கறது வேற. செத்தது இந்தா உனக்குன்னு தள்ளிவிடறது வேற." பொன்னுத்தாய் சத்தம் போடவில்லை. "உனக்குத் தெரியும்தான? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"உனக்கு வலிக்கக்கூடாதுன்னு..."

"அப்பவும் எங்கள யாரும் கேக்கல. எடுத்துடச் சொல்லு."

டாக்டர் கோபப்பட்டார். "பைத்தியமா உங்கம்மாவுக்கு? எக்ஸ்ரேல எவ்வளவு அழகா உக்காந்திருக்கு பாரு. இப்பத் தோண்டினா இருக்கறதும் போயிடும். அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் அந்தத் தாடையில ஒண்ணும் பண்ண முடியாது. புரியவை."

புரியவைக்கப் பார்த்தாள். ஐயாவு போனில் கெஞ்சினான். பொன்னுத்தாய் கஞ்சியையும் நிறுத்தினாள். ரெண்டு நாள் தண்ணீர் மட்டும். மூன்றாம் நாள் அம்சவல்லி டாக்டரின் முன்னால் போய் நின்று, "எடுத்துடுங்க சார்," என்றாள்.

அதே ட்ரே. அதே வரிசை. ட்ரில்லும் ரெஞ்சும் வேண்டியிருக்கவில்லை. டாக்டர் ஈறைத் திறந்தார். ரவை தனித்தனியாக இல்லை. அம்மாவின் ரத்தத்தோடு சேர்ந்து இறுகியிருந்தது. எது அவளுடையது, எது குப்பியிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியவில்லை. கியூரெட்டை மாற்றி மாற்றிக் கொடுத்தாள். சுரண்டச் சுரண்டத் தாடையின் விளிம்பும் கூடவே பெயர்ந்து வந்தது. சலைன் ஊற்றி உறிஞ்சினாள். குழாயில் சிவப்பாக ஓடியது.

"முடிஞ்சுது," என்றார் டாக்டர். தாடையைச் சொன்னாரா, வேலையைச் சொன்னாரா என்று அவள் கேட்கவில்லை.

பொன்னுத்தாய் டாக்டரை மட்டும் கும்பிட்டு, "நல்லாருங்க தம்பி," என்றாள்.

ஊருக்குப் போன பிறகு முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டது. தினம் இரண்டு வேளை காயத்தைக் கழுவ வேண்டும். அம்சவல்லி லீவு போட்டுவிட்டு மருந்தும் சிரிஞ்சும் பஞ்சும் எடுத்துக்கொண்டு போனாள். அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் பொன்னுத்தாய் உதடுகளை இறுக்கிக்கொண்டாள்.

"வாயத் திறம்மா."

திறக்கவில்லை.

"சீழ் வெச்சுடும்மா."

பொன்னுத்தாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "காளியம்மாளக் கூப்பிடு."

காளியம்மாள் அண்ணன் ஐயாவின் மனைவி. அதுவரை சிரிஞ்சு பிடித்ததில்லை. அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பொன்னுத்தாய் அவளுக்கு வாயைத் திறந்தாள்.

"ஏம்மா, என்னதான் இருந்தாலும் பெத்த பொண்ணு..." என்று ஆரம்பித்தாள் காளியம்மாள். பொன்னுத்தாயின் வாய் மூடிக்கொண்டது. அவள் பேச்சை நிறுத்தியதும் மறுபடி திறந்தது.

அம்சவல்லி எழுந்து வாசற்படிக்குப் போனாள். அங்கிருந்து அம்மாவின் வாய் தெரியவில்லை. அண்ணியின் முதுகும் முழங்கையும்தான் தெரிந்தன.

"ஊசி ஈறுல படாம, அண்ணி. மெதுவா அழுத்துங்க."

"ரத்தம் வருது, அம்சவல்லி."

"வரட்டும். பஞ்சை வெச்சுப் பிடிங்க. தேய்க்காதீங்க."

"இன்னும் உள்ளயா?"

"கொஞ்சம் உள்ள, அண்ணி," என்றாள் அம்சவல்லி. "இன்னும் கொஞ்சம்."