பிற்பாட்டுக்காரர் எடுக்காத அடி

மகள் நெருப்புக்காய்ச்சலில் கிடந்தபோது, பிள்ளை எழும்பினால் திருநாள் கூத்தில் எந்த வேடம் தந்தாலும் ஆடுகிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்தேன். எங்கள் கரையில் அப்படி நேர்வது வழக்கம். பிள்ளை எழும்பினாள். எனக்கு இந்த வேடம் வேண்டாம், அந்த வேடம் தாருங்கள் என்று கேட்கிற வாய் அதோடு போயிற்று.

கிடைத்தது காப்பிரி ராசா வேடம். ஆபிரிக்கக் கறுப்பரை எங்கள் ஊரில் காப்பிரி என்போம். ஆபிரிக்காவுக்கு வேதம் சொல்லப் போன ஒரு வெள்ளைக்காரக் குருவானவரின் கதை அது. காப்பிரி ராசா அவரைப் பிடித்துக் கட்டி, சட்டியில் போட்டு அவிக்கப் பார்ப்பான். இடி விழும். பயந்து ஞானஸ்நானம் கேட்பான். சனத்தைச் சிரிக்க வைக்கிற வேடம்.

எண்பத்தாறாம் ஆண்டளவில் என்று நினைக்கிறேன். சண்டைக் காலம், கடலில் இறங்கத் தடை. வள்ளங்கள் கரையில் கிடந்தன. ஆம்பிளைகளுக்கு வேறு வேலை இல்லாதபடியால் கூத்துப் பழக எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். முந்திய காலம்போல விடிய விடிய ஆட முடியாது. பின்னேரம் மூன்று மணிக்கே தொடங்கி, பொழுதுபட முன் முடிப்பதென்று தீர்மானம்.

வேடம் போட்டுப் பழகிய முதல் நாள் முகத்தில் சட்டிக்கரி பூசிக்கொண்டிருந்தேன். என் மனைவியின் தம்பிதான் பிற்பாட்டுக்காரரில் முதல் ஆள். அவன் பார்த்துவிட்டு, "அத்தான், உங்களுக்கு உது என்னத்துக்கு? உங்களைப் பாத்துக் கரியெல்லோ வெக்கப்படுது!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு என் அடியைப் பாடினேன்:

மனுசரைத் தின்று மலைபோல் வளர்ந்தேன் – நான்
மனமிரங்கா நெஞ்சுடைய காப்பிரி ராசன்.

அங்கே ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கன்னியர்மடத்துச் சிஸ்டர். என் மகளுக்குக் காய்ச்சல் நேரம் பக்கத்திலிருந்து பார்த்தவர். காங்கோ நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருடம் வேலை செய்துவிட்டு, வயது போய்த் திரும்பி வந்திருந்தார். பழக்கம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அங்கை ஒரு கிழவனுக்கு நான் மருந்து கட்டினனான். வலது கை மணிக்கட்டோடை இல்லை. ஆர் வெட்டினது தெரியுமே?"

"அவையளுக்குள்ளை சண்டையாக்கும், சிஸ்டர்."

"நீரும் அப்பிடித்தான் நினைக்கிறீர். வெள்ளைக்கார ராசா ஒருத்தர் அந்தத் தேசம் முழுக்கத் தன்ரை சொந்தக் காணி எண்டு வைச்சிருந்தவர். றப்பர்ப்பால் குறைஞ்சால் கையை வெட்டினவை. சின்னப் பிள்ளையளின்ரை கையையும். அந்தக் கிழவனுக்கு அப்ப ஆறோ ஏழோ வயது."

நான் முகத்துக் கரியைத் துடைக்கத் தொடங்கினேன்.

"இப்ப அவையளே ஆளுகினம்தானே, பிறகேன் கஷ்டம் எண்டு இஞ்சை எல்லாரும் கேக்கினம். றயில் பாதை எல்லாம் சாமான் ஏத்திற துறைமுகத்துக்குத்தான் போகுது தம்பி. ஒரு ஊரிலை வயித்துவலி எண்டால் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போக றோட்டு இல்லை. வெள்ளைக்காரன் போனாப்பிறகும் அந்தப் பாதைதான் கிடக்குது."

"அப்ப நான் இதை ஆடாமல் விடுறதோ? நேர்த்தியெல்லோ சிஸ்டர்."

"நேர்த்தியை முறிக்கச் சொல்லேல்லை. பொய்யைப் பாடாதையும் எண்டுதான் சொல்லுறன்."

சொல்லிவிட்டு அவர் செபத்துக்குப் போய்விட்டார். எனக்கு அவரில் கோபம்தான் வந்தது. ஆடு, ஆனால் பாடாதே என்றால் கூத்தில் அது எப்படி? எட்டாம் வகுப்போடு வலை இழுக்கப் போனவன் நான். எங்களுக்கும் வேதம் கொண்டுவந்தவன் பறங்கிதான். அந்த வேதத்தில்தான் என் பிள்ளை பிழைத்தாள். அதில் எனக்குச் சந்தேகம் ஒரு நாளும் இல்லை. ஆனால் குருசு வந்த கப்பலிலேயே கத்தியும் வந்தது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லையே.

இரண்டு நாள் முயன்று ஓர் அடி கட்டினேன். அதைக் கொண்டு அண்ணாவியாரிடம் போனேன். கூத்துப் பழக்குகிறவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"ராசாவின்ரை ஒரு அடியை மாத்தலாமோ, அண்ணாவியார்?"

அவர் கேட்டுவிட்டுக் கூத்துக் கொப்பியை மூடினார். "இது என்ரை அப்பு கைப்பட எழுதினது. உன்ரை அப்புவும் இதைத்தான் பாடினவர். நீ மாதாவுக்கு நேர்ந்தனியோ, காப்பிரியளுக்கு நேர்ந்தனியோ?"

"உண்மை அது இல்லையாம், சிஸ்டர் சொன்னவ."

"சிஸ்டரை வந்து தாளம் போடச் சொல்லு. போடா, போய்க் காலைப் பழகு."

பிறகு மச்சானைப் பிடித்தேன். கூத்தில் ஆடுகிறவன் ஓர் அடியைப் பாடினால், பின்னால் நிற்கிற பிற்பாட்டுக்காரர் அதை எடுத்துத் திருப்பிப் பாட வேண்டும். அவர்கள் எடுத்தால்தான் சபைக்கு விளங்கும். எடுக்காவிட்டால் அந்த அடி செத்துப்போகும். அண்ணாவியார் ஏசினால் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ எடுத்தால் மற்றவர்களும் எடுப்பார்கள் என்றேன்.

"ஓம் அத்தான், எடுக்கிறன். உங்களுக்கு எடுக்காமல் வேறை ஆருக்கு எடுக்கிறது?" என்றான்.

திருநாள் அன்று நல்ல வெயில். கரி வேர்வையில் கரைந்து கழுத்தில் வழிந்தது. நான் மேடைக்கு வந்ததுமே சனம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. குருவானவர் வேடக்காரர் குருசோடு முன்னால் நின்றார். மாதாவை நினைத்துக்கொண்டு என் அடியைப் பாடினேன்:

குருசோடு வந்தீர், குனிந்து நான் கும்பிட்டேன் – உம்மோடு
கூடவந்தோன் என்பிள்ளை கையையேன் வெட்டினான்?

மத்தளம் நின்றது. முன்வரிசையில் இருந்த சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். அப்போது பின்னால் மச்சானின் குரல் எழும்பியது. "மனுசரைத் தின்று மலைபோல் வளர்ந்தேன்..." மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தாளம் விழுந்தது. சனம் கைதட்டிச் சிரித்தது. நான் அந்தப் பாட்டுக்கே ஆடினேன். கால் பழகியது அதற்குத்தானே.

கூத்து முடிந்ததும் மச்சானின் சேட்டுக் கழுத்தைப் பிடித்தேன். "ஏனடா எடுக்கேல்லை? அண்ணாவியாருக்குப் பயமோ?"

"பயமில்லை அத்தான், சத்தியமா இல்லை. எடுக்கத்தான் வாயைத் திறந்தனான். வந்தது பழசு. சின்னனிலையிருந்து பாடினதெல்லோ, நாக்கு தன்ரை பாட்டிலை போயிட்டுது."

அவனை அடித்திருந்தால் மனம் ஆறியிருக்கும். அவன் கண் கலங்கி நின்றான். பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதுதான் என்னை இன்னும் எரித்தது. அண்ணாவியார் ஓர் ஏச்சும் ஏசவில்லை. ஏசுகிற அளவுக்குக்கூட ஒன்றும் நடக்கவில்லை. சிஸ்டர் மட்டும் போகும்போது, "எனக்குக் கேட்டது தம்பி" என்றார். மாதாவுக்கும் கேட்டிருக்கும். ஆனால் நான் பாடியது அவர்கள் இரண்டு பேருக்காக இல்லையே.

வீட்டுக் கிணற்றடியில் குந்தியிருந்து கரியைத் தேய்த்தேன். மகள் தண்ணீர் அள்ளி ஊற்றினாள். காய்ச்சலில் கொட்டின முடி அப்போதுதான் முளைத்து வந்தது. ஊற்ற ஊற்ற, மனுசரைத் தின்று மலைபோல் வளர்ந்தேன் என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். நான் என் அடியை அதே மெட்டில் பாடிக் காட்டினேன்.

"உது பிழை, அப்பா," என்றாள். "அப்பிடி இல்லை. எல்லாரும் பாடினது வேறை."

நான் திரும்பவும் பாடினேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, திரும்பவும் என்னைத் திருத்தினாள்.