விளக்கு அணையும் வரை

மூன்று ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. வாலிகண்டபுரத்தில் மகளுக்கு வளைகாப்பு முடிந்து, அவளை அரியலூருக்கு அழைத்துக்கொண்டு காரில் வந்துகொண்டிருந்தேன். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், யார் துணைக்கு இருப்பது என்று எல்லாவற்றையும் முன்பே முடிவு செய்து வைத்திருந்தேன். பழைய வேட்டித் துணிகளைக்கூடத் துவைத்து மடித்து ஒரு பையில் வைத்தாகிவிட்டது.

பாதி வழியில் மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அம்மா, வலிக்குதும்மா" என்றாள். டிரைவர் திரும்பிப் பார்த்தார். எதுவும் கேட்காமல் சாலையோரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரிக்குள் வண்டியைத் திருப்பிவிட்டார்.

வெள்ளை உடுப்பு அணிந்த சிஸ்டர் ஒருவர் மகளைப் பரிசோதித்துவிட்டு வெளியே வந்தார். "குழந்தையோட இதயத்துடிப்பு குறையுதும்மா. உடனே ஆபரேஷன் பண்ணணும். கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டேன். கதவு மூடியது. மருமகன் பெரம்பலூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். கையில் துணிப்பையுடன் தனியாக நின்றேன்.

அப்போதுதான் பம்பைச் சத்தம் கேட்டது. தொலைவில் தொடங்கி நெருங்கி நெருங்கி வந்தது. அந்த ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவாம். ஊர்வலம் ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போகும் என்றார்கள். துடிப்பு குறைந்த ஒரு சின்ன இதயத்தைக் காது வைத்துக் கேட்கவேண்டிய நேரத்தில் இத்தனை மேளமா என்று பதறினேன். காலில் விழுந்தாவது நிறுத்தச் சொல்லலாம் என்று வாசலுக்கு ஓடினேன்.

வாசலை அடைவதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

ஊர்வலம் மட்டும் நிற்காமல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மாலை வெயிலில் சிமென்ட் லாரிகள் கிளப்பிவிட்ட தூசி பொன்னிறமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து மஞ்சள் சேலைகள், பால்குடங்கள், வேப்பிலை, தோளில் சுமந்த அம்மன் எல்லாம் மிதப்பதுபோல் வந்தன. யாரும் பேசவில்லை. வெறும் கால்கள் மண்ணில் பதியும் ஓசையும் கொலுசும் மட்டும் கேட்டன. பம்பைக்காரர் மேளத்தின் மேல் துண்டைப் போர்த்தியிருந்தார்.

நான் கைகூப்பி, "ஐயா, உள்ளே என் பொண்ணுக்கு..." என்று தொடங்கினேன்.

"தெரியுமுங்க" என்று மெதுவாகச் சொல்லி, வாசல் கம்பத்தைக் காட்டினார். உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கம்பத்தில் ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்தது.

பால்குடம் சுமந்த ஒரு பெண், குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். "ஊருக்குப் புதுசாக்கா? ஆபரேஷன் நடந்தா அந்த விளக்கு எரியும். விளக்கு எரிஞ்சா நாங்க கொட்டு அடிக்க மாட்டோம்."

"சாமி ஊர்வலமாச்சேம்மா?"

"எங்க ஆத்தாளுக்குக் காது நல்லாவே கேக்கும்க்கா. மேளம் எங்களுக்குத்தான்."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் குசுகுசுவென்று சொன்னாள். சிஸ்டர்கள் முதன்முதலில் பெட்டியோடு வந்து இறங்கியபோது யாரும் வாடகைக்கு வீடு தரவில்லையாம். கோயில்காரர்கள்தான் திருவிழாக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார்களாம். அங்கே பிரசவம் நடக்கும்போது வாசலில் ஒரு சிவப்பு லாந்தரைத் தொங்கவிடுவார்கள். கோயிலில் கொட்டு நின்றுவிடும். பிறகு இந்தக் கட்டடம் எழும்பியபோது ஊரே கல் சுமந்தது. லாந்தர் மின்விளக்காக மாறியது. இன்றும் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாளில் அந்தக் கம்பத்துக்கும் ஒரு மஞ்சள் துணி கட்டுகிறார்கள். தீமிதி அன்று சிஸ்டர்கள் மருந்துப் பெட்டியோடு குண்டத்துக்கு அருகில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

"நானே அந்தக் கொட்டகையில பொறந்தவதான்" என்றாள்.

அவள் சொல்லி முடித்தபோது உள்ளேயிருந்து ஓர் அழுகை கேட்டது. மெல்லிய, கோபமான அழுகை. தெரு முழுக்க அதைக் கேட்டது. கூட்டத்தில் எல்லோர் முகமும் ஒரே சமயத்தில் மலர்ந்தது. ஆனாலும் யாரும் குரல் எழுப்பவில்லை.

நான் அழுதுகொண்டே, சில அடி தள்ளிப் போயிருந்த பம்பைக்காரரிடம் ஓடி, "இனி அடிங்கய்யா" என்றேன்.

அவர் விளக்கைப் பார்த்தார். "பொண்ணு இன்னும் உள்ளதானே இருக்கு. தாயும் நல்லபடியா வரட்டுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. குழந்தையின் குரலைக் கேட்ட மகிழ்ச்சியில், பெற்ற நானே என் மகளை ஒரு கணம் மறந்திருந்தேன். முன்பின் பார்த்திராத அவர் மறக்கவில்லை.

ஊர்வலம் அதே அமைதியில் சாலைத் திருப்பம் வரை போய்விட்டது. வேப்பிலையும் கற்பூரமும் கலந்த வாசனை மட்டும் அங்கேயே தங்கியது. கம்பத்தையே பார்த்தபடி நின்றேன். கடைசியில் விளக்கு அணைந்தது. சிஸ்டர் வந்து, "ரெண்டு பேரும் சுகம். பேத்தி" என்று சொல்லும்போது, சாலைத் திருப்பத்திலிருந்து பம்பை முழங்கத் தொடங்கியது.

ஆண்டுதோறும் காப்புக் கட்டு நாளில் பேத்தியோடு அங்கே போய்வருகிறோம். எந்த ஊரில் மேளம் கேட்டாலும் அவள் குதித்து ஆடுகிறாள். எனக்கோ அன்று அந்தத் தெரு எங்களுக்காகக் காத்த மௌனம்தான் முதலில் கேட்கிறது.