பொங்கோ மாணிக்கத்தின் பதினோராவது கடைசிக் கச்சேரி

அந்த வருஷம் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் யாராவது நான்கு பேர் வெற்றிலைத் தட்டோடு நிற்பார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் அல்ல, என் கணவரிடம் பிரியாவிடைக் கச்சேரி கேட்டு வந்தவர்கள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பேன்? மன்னார்குடியில் ஒரு மனிதர் தொழிலை விட்டால் விட்டதுதான். மலேசியாவில், ஈப்போ சிலிபினில் குடியிருந்த என் கணவர், பாடகர் பொங்கோ மாணிக்கமோ மாதக்கணக்கில் விட்டுக்கொண்டே இருந்தார். தைப்பிங்கில் நடந்த கடைசிக் கச்சேரி பாதியில் மழையால் நின்றுபோக, அதற்கும் ஒரு கடைசி வைத்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கலியாணமாகி இங்கே வந்தபோது, பேராக்கில் தோட்டத் திருவிழா என்றால் அவர்தான். லோரியின் பலகையை இறக்கி மேடையாக்கி, பொங்கோ என்ற இரட்டைச் சிறு மேளத்தைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு துள்ளத் துள்ளப் பாடுவார். விடியற்காலையிலிருந்து பாலுக்காக ரப்பர் மரம் வெட்டிய களைப்பை மறந்து சனங்கள் ஆடுவார்கள். கோவில் கச்சேரி கேட்டு வளர்ந்த எனக்கோ, முதல் தடவை கேட்டபோது யாரோ தகரக் கூரையில் தேங்காய் உருட்டுவதாகத் தோன்றியது. பிறகு வீட்டுக்கு வீடு வீடியோ வந்தது. அவருக்கு இடுப்பு வலியும் வந்தது. குழுவைக் கலைக்க முடிவுசெய்து, பத்து காஜா என்ற ஊரில் ஒரே ஒரு பிரியாவிடை நடத்திவிட்டு என்னை ஊருக்கு அழைத்துப் போவதாகச் சத்தியம் செய்தார்.

நான் பத்து வருஷமாக ஊர்ப்பக்கம் போகவில்லை. அப்பாவுக்கு ஒரு கண் போய்விட்டது, மற்றதிலும் புகை மூட்டமாக இருப்பதாக எழுதியிருந்தார். “பார்வை இருக்கும்போதே உன்னை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும்” என்ற வரியைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பினாங்கிலிருந்து மெட்ராஸ் போகும் கப்பலில் இடமும் சொல்லி வைத்தோம்.

முதல் தவறு என்னுடையதுதான். பத்து காஜா முடிந்த வாரம், அவர் குளித்துக்கொண்டிருந்தபோது ஒரு தோட்டத்து ஆட்கள் வந்து தட்டை நீட்டினார்கள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், குங்குமம். ஒரு சுமங்கலி அதை வேண்டாமென்று சொல்வாளா? இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தட்டு உள்ளே வந்துவிட்டால் கச்சேரி உறுதி என்பது இவர்கள் தொழில் வழக்கமாம். அதுவரை தட்டெல்லாம் குழுவின் ஒத்திகைக் கொட்டகைக்கே போய்க்கொண்டிருந்ததால் எனக்கு அது தெரியாது.

“தட்ட வாங்கிட்டியா?” தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் திகைத்து நின்றார்.

“திருப்பிக் கொடுத்துட்டா என்ன?”

“திருப்பினா நாளைக்கு வெளிய தல காட்ட முடியாது லா. ஒண்ணுதான, இதோட சரி.”

எங்கே சரி! ஒரு தோட்டத்துக்குப் போனால் பக்கத்துத் தோட்டத்துக்குக் கோபம். “கல்யாணத்துக்கு அழைக்கிறப்ப பக்கத்து வீட்டுல சொல்லிட்டுப் போயிருவீங்களா அண்ணே? எங்ககிட்டயும் நேர்ல வந்து சொல்லிக்க வேணாமா?” என்று சண்டைக்கு வந்தார்கள். அவரும் அசடு வழியச் சம்மதிப்பார். கப்பல் இரண்டு முறை எங்களை விட்டுவிட்டுப் போனது. நோட்டீஸ் அடிக்கும் அச்சகத்தின் முதலாளியான சீனத் தவுக்கே ஒருநாள் என்னிடம் மலாயில், இந்தக் குழுவின் பெயரே ‘லாஸ்ட் ஷோ’வா என்று கேட்டார். இல்லை, இதுதான் நிஜமாகவே கடைசி என்று எனக்குத் தெரிந்த மலாயில் அடித்துச் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, கோத்த அச்செழுத்துகளைக் கலைக்காமல் அப்படியே எடுத்து அலமாரியில் வைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாவது கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தபோது மறுபடியும் தட்டு வந்தது. இந்த முறை நானே வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். வந்தவள் அஞ்சலை, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள்.

“அவரு எல்லார்கிட்டயும் விடைபெற்றாச்சும்மா. எங்க அப்பாவுக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு. எங்கள விட்டுடுங்க” என்றேன்.

“அண்ணன் எங்ககிட்ட விடைபெற வேணாம் அக்கா” என்றாள் அவள். “தோட்டத்த வித்துட்டாங்க. வர்ற மாசம் நாங்க குடியிருக்கிற லயத்து வீட்டையெல்லாம் ஒடைக்கிறாங்க. ஆளுக்கொரு பக்கம் போறோம். எங்களுக்குள்ள சொல்லிக்க ஒரு நாள் வேணும். சும்மா கூடினா அழுதுருவோம். அண்ணன் பாடுனா ஆடிக்கிட்டே சொல்லிக்குவோம்.”

அவள்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதை என்னிடம் ஏன் சொன்னாள்? சொல்லாமலிருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன். எந்த நாள் என்று கேட்டேன். கப்பல் புறப்படும் அதே நாள். தெரிந்தே, இரு கையாலும் தட்டை வாங்கினேன்.

லயத்துக்கு மின்சாரத்தை முன்பே வெட்டிவிட்டதால் அந்தப் பதினோராவது கடைசிக் கச்சேரி பட்டப்பகலில், மைக் இல்லாமல் நடந்தது. அவர் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தொண்டை கிழியப் பாடினார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே ஆடினார்கள். அஞ்சலை என் கையைப் பிடித்து இழுத்தாள். வயிற்றெரிச்சலோடு நானும் ஆடினேன்.

அடுத்த கப்பலில்தான் போனோம். அதற்குள் மற்றக் கண்ணும் அணைந்துவிட்டிருந்தது. அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, என் நெற்றியையும் கன்னத்தையும் விரலால் தடவித் தடவித் தேடினார்.

“அங்க வெயில் ரொம்பவாமே. கறுத்துட்டியாம்மா?” என்று கேட்டார்.

என் தலையில் பாதிக்கு இளநரை ஏறியிருந்தது.

“இல்லப்பா. போனப்ப எப்படி இருந்தேனோ அப்படியேதான் இருக்கேன்” என்றேன்.