சைகோன்காரி கொடுத்த இரண்டாவது கோப்பை

ஒரே ஊரில் ஒரு மழைக்காலத்தையும் ஒரு வெயில்காலத்தையும் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து அப்படித்தான். திருப்பத்தூர்ச் சந்தையில் மூட்டை இறக்கினேன். குடியாத்தத்தில் தறிக்காரர் ஒருவரின் லுங்கிக் கட்டுகளைச் சுமந்து பஸ் ஏற்றினேன். சோளிங்கரில் மலையேற முடியாதவர்களை டோலியில் வைத்துத் தூக்கினேன். ஐம்பதுகளின் நடுவில் ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றை ஒட்டிய ஒரு சிற்றூரின் தோல் பதனிடும் ஷாப்பில் சேர்ந்தபோதும், முதல் சம்பளம் வாங்கியதும் கிளம்பிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். கிளம்பவில்லை. காரணம் ஒரு புத்தகம். எனக்கு அதைப் படிக்கவும் தெரியாது.

சுண்ணாம்புக் குழியில் என்னோடு இறங்கி வேலை செய்தவனுடைய வீட்டில் அந்தப் புத்தகம் இருந்தது. உலக யுத்தத்துக்கு முன்பே புதுச்சேரி வியாபாரி ஒருவருடன் சைகோனுக்குப் போனவன் அவன். அங்கே ஜவுளிக்கடை ஆட்களுக்குச் சமையல் செய்துகொண்டிருந்து, அந்த நாட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டு, அங்கே சண்டை முற்றியதும் கப்பலேறித் திரும்பியிருந்தான். அவன் மனைவியைத் தெருவில் எல்லோரும் சைகோன்காரி என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். நான் மட்டும் அண்ணி என்பேன். அவளுடைய அப்பா கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அவர் கொடுத்தனுப்பிய அட்டை இல்லாத ஒரு புத்தகமும், மூடி போட்ட கொஞ்சம் பீங்கான் கோப்பைகளும்தான் அவள் கொண்டுவந்த சீதனம்.

புத்தகம் அவள் நாட்டுப் பாஷையில் இருந்தது. எழுத்துகள் மட்டும் இங்கிலீஷ், மேலும் கீழும் கொம்பு முளைத்தவை. நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

“இன்னா தம்பி, மாடு அசை போடற மாதிரி இருக்கு. குடு இங்க.”

பிறகு ஒவ்வொரு வரியாகப் பார்த்து எங்கள் தெருத் தமிழில் சொல்லிக்கொண்டே போவாள். அது கதையில்லை. பழைய காலத்தில் அரண்மனைக்குப் போய்வந்துகொண்டிருந்த யாரோ ஒரு படித்தவர், கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தது. அந்த நாட்டுப் பிரபு ஒருவர் வளர்த்த கிளி செத்துப்போகிறது. அதிகாரிகள் எல்லோரும் துக்கம் காக்கிறார்கள். நன்றாக அழுதவனுக்கு ஒரு ஜில்லா கிடைக்கிறது. அவன் போய் அந்த ஜில்லாவில் கிளிக்கென்று ஒரு வரி போடுகிறான். எழுதியவர் இதற்கெல்லாம் கோபப்படுவதில்லை. இன்னது நடந்தது, இன்னார் இன்னது வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான், அடுத்த பக்கம். திட்டுவதற்குக்கூட நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிற எழுத்து. எனக்கு அது பிடித்துப்போனது.

அதில் நான் மறக்காதது டீத்தண்ணீர் விஷயம். பிரபு குடிக்கும் டீக்கு ஆற்றுத் தண்ணீர் ஆகாது, கிணற்றுத் தண்ணீர் ஆகாது. தாமரை இலையில் விடியற்காலையில் தேங்கும் பனித்துளிதான் வேண்டும். ஏரிக்கரைக் கிராமம் ஒவ்வொன்றும் ஒரு ஜாடி கொண்டுவர வேண்டும். ஊரே தோணியில் ஏறி இலை இலையாகச் சாய்த்தாலும் ஜாடியின் அடி நனையாது. அதனால் கிராமத்தார் அரண்மனைத் தண்ணீர் அதிகாரிக்குப் பணம் கட்டிவிடுவார்கள். அவர் ஜாடிகளை ஆற்றிலேயே முக்கி அனுப்பிவிடுவார். பிரபு ஒரு வாய் குடித்துவிட்டு, பனித்தண்ணீரின் ருசியே தனி என்பார். சபையில் இருக்கிற அத்தனை பேருக்கும் அது ஆற்றுத் தண்ணீர் என்று தெரியும். அத்தனை பேரும் தலையாட்டுவார்கள்.

“நம்ப ஊரு மாதிரியே கீதுடா தோஸ்த்” என்பான் அவள் புருஷன்.

எங்கள் தெருவில் இருந்தது உப்புத் தண்ணீர். ஷாப்புக்கு வரும் ஆட்டுத்தோலை உப்புப் போட்டுத்தான் அனுப்புவார்கள். அதை அலசுகிற தண்ணீரும் சுண்ணாம்புக் குழித் தண்ணீரும் வாய்க்காலில் ஓடித் தெருக் கிணற்றுக்குள் இறங்கிவிட்டன. சோறு வடித்தால் பழுப்பாக இருக்கும். பெரியவர்களுக்குப் பழகிவிட்டது. அண்ணியின் கைக்குழந்தைக்குப் பழகவில்லை. வயிறு நிற்காமல் போய், கையும் காலும் குச்சியாகிக்கொண்டு வந்தன. வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டியபோது, மருந்து அப்புறம், முதலில் தண்ணீரை மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நல்ல தண்ணீருக்கு ரயில் பாதையைத் தாண்டி ஒரு தோட்டத்துக்குப் போக வேண்டும். தோட்டக்காரர் மனம் வைத்தால் ஒரு குடம் கிடைக்கும்.

ஆற்றுப் படுகையில் தோண்டிய கிணறு ஒன்றிலிருந்து முசாபரி பங்களாவுக்கு, அதாவது அதிகாரிகள் வந்து தங்கும் பங்களாவுக்கு, குழாய் போட்டிருந்தார்கள். அந்தக் குழாயை ஒரு பக்கம் நீட்டப்போவதாகப் பேச்சு வந்தது. எங்கள் தெருப் பக்கம் நீட்டச் சொல்லி நாங்கள் மனு கொடுத்தோம். எங்கள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அது தன் மச்சானின் சோடா கம்பெனிப் பக்கம் போக வேண்டும் என்று விரும்பினார். சப் கலெக்டர் கேம்ப் வரும்போது தெருக் கிணற்றுத் தண்ணீரைத் தாமே குடித்துப் பார்த்து முடிவு சொல்வார் என்று பதில் வந்தது. தெருவே பூரித்துப்போனது. ஒரு வாய் குடித்தால் போதுமே!

கேம்ப் என்றால் அந்தக் காலத்தில் ஊர் முழுக்கப் பேஜார். முதலில் தலையாரி வருவான். கண்ணில் பட்ட கொழுத்த கோழியின் காலில் சிவப்பு நூல் கட்டிவிட்டுப் போவான். அன்றிலிருந்து அது சர்க்கார் கோழி. தீனி மட்டும் நாம் போட வேண்டும். கட்டில், நாற்காலி, ஜமக்காளம், முட்டை, பால் எல்லாம் இப்படித்தான். அதிகாரி தின்றது கம்மி, இன்ஸ்பெக்டர் வீட்டுக் கொல்லைக்குப் போனது ஜாஸ்தி. நூல் கட்டிய கோழிகள் எங்கள் தெருவில் ராஜநடை நடந்தன.

ஐயா உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்கு எந்த வீடு சரி என்று பார்க்க, கேம்புக்கு முதல் நாள் காலையில் இன்ஸ்பெக்டரே தெருவுக்கு வந்தார். கிணற்றுக்கு எதிர்வீடு அண்ணியின் வீடு. பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருக்கும். வந்த மனிதருக்கு என்ன கொடுப்பது என்று தவித்து, அவள் தன் அப்பா வழக்கப்படி டீ போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் தாமரை மொட்டைப் பிரித்து அதற்குள் டீயிலையை வைத்து நூலால் கட்டிவிட்டு, காலையில் எடுத்துக் கொதிநீரில் போடுவது. பால் கிடையாது. பள்ளிகொண்டாப் பக்கத்து ஏரியிலிருந்து எப்போதாவது மொட்டு கிடைத்தால் போடுவாள். அன்று கொஞ்சம் இருந்தது.

இன்ஸ்பெக்டர் மூடியைத் திறந்தார். முகர்ந்தார். குடித்தார்.

“எந்தத் தண்ணிம்மா இது?”

“தெருக் கிணறுதான் சார். வேற ஏது?”

மறுபடி ஒரு வாய் குடித்தார். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

“நாளைக்கு ஐயாவுக்கும் இதையே போட்டுக் குடும்மா. இந்தக் கப்லயே குடு. எவ்ளோ பெரிய மனுசன் வர்றாரு, வெறும் தண்ணியா நீட்டுவாங்க? ஊருக்குத்தான் அசிங்கம்.”

அவளை அம்மா என்று அழைத்த முதல் உத்தியோகஸ்தர் அவர். அவர் போனதும் புருஷன் தலையில் அடித்துக்கொண்டான்.

“தண்ணி எப்படி கீதுன்னு பாக்கத்தான்டி அவரு வர்றாரு. மொண்டு அப்படியே குடு, போதும்.”

“வூட்டுக்கு வர்ற மனுசனுக்கு உப்புத் தண்ணி குடுக்கணுமா? இத்தினி வருசம் மேனர்ஸ் தெரியாதவ, தவளை துன்றவன்னு இந்தத் தெருவுல கேட்டாச்சு. நாளைக்கும் கேக்கணுமா?”

பக்கத்து வீட்டுப் பெண்களும் அவள் பக்கம்தான் பேசினார்கள். ஒருத்தி ஏலக்காய் கொண்டுவந்தாள். ஒருத்தி, கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, அதில் வெட்டிவேரைப் போட்டு வைத்தாள். வாசலில் பெரிய கோலம் விழுந்தது. தண்ணீர் கெட்டது என்று காட்டுவதற்காக அத்தனை நாள் காத்திருந்த தெரு, கடைசி நாளில் விருந்தாளி முகம் சுளித்துவிடக் கூடாதே என்று பதறியது. நானும்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மொட்டுப் பறித்து வந்தேன்.

மறுநாள் சப் கலெக்டர் வந்தார். இளவயது. காலில் பளபளவென்று ஒரு பூட்ஸ், எங்கள் ஷாப்பு முதலாளி போன கேம்புக்குக் கொடுத்தது. இரவல் நாற்காலியில் உட்கார்ந்து மனுவைப் படித்தார். அண்ணி கோப்பையை நீட்டினாள். அவர் மூடியைத் திறந்ததும் தாமரை வாசம் வாசல்வரை வந்தது.

“அருமையா இருக்கே! இது என்ன தண்ணி?”

“இதே கிணத்துத் தண்ணிதாங்க ஐயா” என்றார் இன்ஸ்பெக்டர், அண்ணி வாய் திறப்பதற்குள். “இதைத்தான் ஆகாதுன்னு மனு குடுத்திருக்காங்க.”

சப் கலெக்டர் சிரித்துவிட்டார். “இதுவா ஆகாது? என் குவார்ட்டர்ஸ் தண்ணி இதைவிட மோசம்யா.”

“அதாங்க ஐயா. இவங்களுக்கு எவ்ளோ செஞ்சாலும் பத்தாது. குழாயைச் சோடா கம்பெனிப் பக்கம் நீட்டினா நாலு பேருக்குப் பொழப்பு.”

நேற்றைய சிரிப்பின் பொருள் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. தெரு முழுக்க நின்றுகொண்டிருந்தது. கூட வந்திருந்த குமாஸ்தாக்களும் தலையாரியும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிணற்றில் ஒரு நாளும் வாய் வைக்காத குமாஸ்தா ஒருவர், “நல்ல ஊத்து சார்” என்றுகூடச் சொன்னார். எனக்கு அந்த இடத்தைவிட்டு அப்போதே பஸ் ஏறிவிட வேண்டும் போலிருந்தது.

“இன்னொரு கப் கிடைக்குமாம்மா?” என்றார் சப் கலெக்டர்.

அண்ணி வெற்றுக் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். கெட்டிலில் டீ பாதிக்குமேல் இருந்தது. அதைத் தூக்கினாள். தூளியில் குழந்தை முனகியது. கெட்டிலை அப்படியே கீழே வைத்தாள். மூலையில், வெட்டிவேர் போடாத அன்றாடப் பானைக்குப் போய்க் கோப்பையை முக்கி, மூடி போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். என்னைப் பார்க்கவில்லை.

சப் கலெக்டர் ஆசையாகப் பெரிய வாயாகக் குடித்தார். அடுத்த கணம் துப்பினார். அது அவருடைய பூட்ஸிலேயே விழுந்தது.

“ஏய்! இன்னாடி குடுத்த ஐயாவுக்கு?” அம்மா என்று அழைத்த அதே வாய்தான்.

“அதே தண்ணிதான். பூ மட்டும் இல்ல” என்றாள் அண்ணி.

இன்ஸ்பெக்டர் கத்திக்கொண்டே இருந்தார். சப் கலெக்டர் கோப்பைக்குள் பார்த்தார். பிறகு கதவின் வழியே தூளியைப் பார்த்தார்.

“அந்தக் குழந்தைக்கும் இதானா?”

“அதேதான் சார்” என்றான் புருஷன்.

அவர் கோப்பைக்கு மூடி போட்டு நாற்காலிமேல் வைத்துவிட்டு ஜீப்புக்குப் போனார். ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை.

அன்று மத்தியானமே தலையாரி வந்து, பங்களாவில் கேம்புக்கு வேண்டும் என்று பீங்கான் கோப்பைகளை எல்லாம் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போனான். கேம்ப் முடிந்தும் அவை திரும்பி வரவில்லை. ஷாப்பில் மேஸ்திரி என் சிநேகிதனைத் தனியாகக் கூப்பிட்டு, “முதலாளிக்குத் தலைகுனிவாய்ட்டுது. நீ இனிமே வராதப்பா” என்றார். தெருவும் அவர்களோடு பேச்சைக் குறைத்துக்கொண்டது. மானத்தை வாங்கிவிட்டாளாம். சைகோனுக்குக் கூட்டிப்போன பழைய வியாபாரிக்குக் கடிதம் போட்டு, புதுச்சேரிக்கே கிளம்பிவிட்டார்கள்.

ரயிலடிக்கு நான்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணியின் மடியில் குழந்தை, குழந்தைக்கும் முழங்கைக்கும் நடுவில் அந்தப் புத்தகம்.

“அண்ணி, அந்த அரண்மனைக்காரரு இதை எழுதியிருந்தா எப்படி எழுதியிருப்பாரு?”

“கப்பு போச்சுன்னு ஒரு வரி எழுதுவாரு.”

“தண்ணி?”

“அது அடுத்த பக்கம் தம்பி” என்று சிரித்தாள். வண்டி வந்துவிட்டது. குழந்தை புதுச்சேரியில் தேறிவிட்டதாகப் பிறகு ஒரு கார்டு வந்தது. அது வந்த வாரமே நானும் கிளம்பிவிட்டேன்.

சில வருஷம் கழித்து, தோல் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை ஏற்றிய லாரியில் கிளீனராக அந்தப் பக்கம் போக நேர்ந்தது. தெருமுனையில் குழாய் இருந்தது. குடங்கள் வரிசையில் நின்றன. சோடா கம்பெனிக்குள்ளும் ஒரு குழாய் போயிருந்தது, இதைவிடப் பருமனாக. லாரியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். வரிசையில் நின்ற பெண் என்னை அடையாளம் தெரியாமல் குடத்தை நகர்த்தி வழிவிட்டாள். அன்றைக்கு ஏலக்காய் கொண்டுவந்தவள் அவள்தான்.

“எப்ப வந்துது இந்தக் குழாய்?”

“அது ஆச்சு வருசம். நம்ப பழைய இன்ஸ்பெக்டரு போட்டுக் குடுத்தாரு, மவராசன்.”

“இங்க சைகோன்காரின்னு ஒருத்தங்க இருந்தாங்களே?”

“யாரு, ஐயாவுக்கு உப்புத் தண்ணி குடுத்தாளே, அவளா?” என்று முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். “எங்க போனாளோ!”

கையைக் குவித்துக் குழாயில் பிடித்துக் குடித்தேன். உப்பு இல்லை. மறுபடி பிடித்துக் குடித்தேன். லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.