ஒட்டகச்சிவிங்கி தின்ற மல்லிகைப்பூ

டெக்சாஸுக்குள் ஓர் ஆப்பிரிக்கா இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஹூஸ்டனிலிருந்து காரில் அரை நாள் போனால் ஒரு பெரிய பண்ணையில் வரிக்குதிரைகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் தம் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். நடுவில் கூடாரங்கள். சஃபாரி கேம்ப் என்று பெயர்; கூடாரத்துக்குள் ஏசி வேறு. வசந்த காலத்தில் போனால் குட்டிகளைப் பார்க்கலாம் என்று அப்பாவின் ஆபீசில் யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு எட்டு வயது. ஸ்பிரிங் பிரேக் வந்ததும் கிளம்பிவிட்டோம்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் எதைப் பேச ஆரம்பித்தாலும் கிரீன் கார்டில்தான் போய் முடியும். அடுத்த மாதம் இன்டர்வியூ. அதுவரை எந்த வம்பிலும் மாட்டக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். மஞ்சள் விளக்கைத் தூரத்தில் கண்டாலே பிரேக்கை மிதித்துவிடுவார். நான் லைப்ரரி புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்ததற்கு வீட்டில் ஒரு விசாரணையே நடந்தது.

கேம்ப்பில் காலைப்பொழுது நன்றாகத்தான் போனது. புதிதாய்ப் பிறந்த வரிக்குதிரைக் குட்டி ஒன்று தாயின் வயிற்றுக்கடியிலேயே ஒளிந்து ஒளிந்து நடந்தது. மத்தியானம், ஒட்டகச்சிவிங்கிக்குத் தீனி கொடுக்கும் உயரமான மரமேடைக்குப் போனோம். அங்கே நின்றால் அதன் முகமும் நம் முகமும் நேருக்கு நேர். வந்து நின்ற ஒட்டகச்சிவிங்கி வாயும் வயிறுமாக இருந்தது. இந்த மாதமே குட்டி போட்டுவிடும் என்று அங்கே வேலை செய்த பெண் சொன்னாள்.

அம்மா தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை இந்தியன் ஸ்டோரில் வாங்கியது. ஊருக்குக் கிளம்பினால் பூ வைக்காமல் அவளுக்கு ஆகாது. கீரையை ஒவ்வொன்றாக நீட்டினாள். கோயில் யானைக்குப் பழம் கொடுத்துப் பழகிய கை அது. கொடுத்து முடித்ததும் தலை தானாகக் குனிந்துவிட்டது.

ஒட்டகச்சிவிங்கிக்கு ஆசீர்வாதம் பண்ணும் வழக்கமெல்லாம் இல்லை. கறுத்த நீள நாக்கை நீட்டி, பூவை ஒரே இழுப்பில் உருவி வாய்க்குள் போட்டுக்கொண்டது. நாங்கள் சிரித்தோம், அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தலையைத் தடவிப் பார்த்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“ஏங்க, பூவுல குத்தியிருந்த ஹேர்பின்னைக் காணோம்.”

அந்தப் பெண் மேடையின் மறுகோடியில் வேறு குழந்தைகளோடு இருந்தாள். யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. யாரிடமும் மூச்சுவிடக்கூடாது என்று அப்பா தணிந்த குரலில் சொல்லி, எங்களைக் கூடாரத்துக்குக் கூட்டி வந்துவிட்டார்.

கூடாரத்தில் அம்மா அழ ஆரம்பித்தாள். “புள்ளத்தாச்சிங்க அது. ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பாவம் நம்மள சும்மா விடுமா?”

எனக்கு ஒரே பயம். பின் குத்தி அது செத்துப்போகும், போலீஸ் வரும், எங்கள் மூவரையும் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று வரிசையாக ஓடியது. “வில் இட் டை, அப்பா?” என்று கேட்டேன். அவர் பெட்டியைத் திறந்து ஆபீஸ் சட்டையை எடுத்துப் போட்டு, இன் செய்து, தலையை வாரிக்கொண்டார். சாப்பாட்டுக்குத்தான் தயாராகிறார் என்று நினைத்தேன். ஒரு நடை போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா ஸ்வெட்டரைக் கழற்றி உதறினாள். அதன் முதுகுப்பக்கம் தொங்கும் தொப்பிக்குள்ளிருந்து ஏதோ மரத்தரையில் விழுந்தது. ஹேர்பின். அம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நான் ஓடினேன்.

மேடைக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் டிரக் அருகே அப்பா நேராக நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். அவள் வாக்கிடாக்கியில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பின்னை நீட்டினேன். அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். கெட்டியான சாமானைப் பெரும்பாலும் துப்பிவிடுமாம். ஆனாலும் வந்து சொன்னது நல்லதாயிற்று என்று அப்பாவின் கையைக் குலுக்கினாள். எங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு, அங்கேயே குதித்தேன்.

பின்னாலேயே மூச்சுவாங்க வந்து சேர்ந்த அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. “அஞ்சு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதாங்க? பின் கிடைச்சிருக்குமே.”

“தோணலை,” என்றார் அப்பா.

எனக்கும் அம்மா சொன்னதுதான் சரியென்று பட்டது. கொஞ்சம் பொறுத்திருந்தால் யாரிடமும் சொல்லாமலே தப்பித்திருக்கலாம். இதுகூடத் தெரியாத மனுஷராக இருக்கிறாரே என்று பாவமாக இருந்தது. திரும்பி நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை நனைந்து சில்லென்று இருந்தது. ஒட்டகச்சிவிங்கியைத் தொட்டுவிட்டுக் கை கழுவியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.