நோட்டீசுக்கு மேலே காதுகுத்து

கடன் கட்ட முடியாத வீட்டை விற்றுக்கொடுக்கும் தொழிலில், வீட்டுக்காரர் "விக்கவே மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாங்க ஆள் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். வீடு விற்று நொந்தவர்களுக்கு இது புரியும். நான் பிளஸ் டூவோடு படிப்பை விட்டுவிட்டு ஆலங்குடியில் ஒரு புரோக்கர் ஆபீசில் சேர்ந்தேன். ஏன் விட்டாய் என்று கேட்காதீர்கள்; பிடிக்கவில்லை.

இரண்டே வழி

சிங்கப்பூரில் வேலை போய் ஊர் திரும்பிய சாமிநாதன் மாமாவால் வீட்டுக்கடன் தவணை கட்ட முடியவில்லை. எங்கள் முதலாளி சுற்றி வளைத்தே பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை இல்லை.

"ரெண்டே வழிதான் மாமா. பேங்க்ல சொல்லிட்டு நாமளே வித்தா வெலையை நாம பேசலாம். கடனுக்குக் கொறைஞ்சாக்கூட, மிச்சத்தைத் தள்ளச் சொல்லி பேங்க்ல கெஞ்சிப் பாக்கலாம். ஏலத்துக்கு விட்டா தேதி அவங்களது, வெலை அவங்களது, பேப்பர்ல ஒங்க பேரு" என்றேன்.

மாமா கேட்டார்: "போட்டோவும் போடுவாகளா பாப்பா?"

போஸ்டர்

பேங்க்காரர் வந்து வாசல் சுவரில் ஏல நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் அதே இடத்தில், மாமாவின் மனைவி சாந்தி அத்தையுடைய தம்பி பிள்ளைக்குக் காதுகுத்து போஸ்டர். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அதில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காதுகுத்து முடிந்து நாலு மாதம் ஆகிவிட்டது என்பது வேறு விஷயம்.

நோட்டீசைப் போட்டோ எடுக்க மறுபடி வந்த பேங்க்காரர் போஸ்டரை உரிக்க ஆரம்பித்தார். அத்தை ஜன்னல் வழியாகச் சொன்னது: "பாத்து உரிங்க சார், என் தம்பி மூஞ்சி கிழிஞ்சிரப் போவுது."

ஆடி

கீரனூரிலிருந்து ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் வீடு பார்க்க வந்தார். பிடித்துவிட்டது, விலையும் படிந்துவிட்டது. ஆனால் ஆடியில் பத்திரம் பதிய மாட்டாராம். ஏலமோ ஆடி இருபதாம் தேதி.

"சார், ஆவணி வரைக்கும் வீடு இருக்காது" என்றேன்.

"அப்ப ஏலத்துலயே எடுத்துக்கிறேன். வெலையும் கொறையும்ல?"

"அதுவும் ஆடியிலதான சார்?"

டீயைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அது பேங்க் செய்யிறதும்மா. தோஷம் நமக்கு வராது."

அத்தை கிளாசை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கறிச்சோறு

எங்கள் பக்கம் ஆடியில் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். பிற்பாடு அவரவர் வீட்டு விருந்தில் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். சிங்கப்பூர்க் காலத்தில் மாமா ஊரெல்லாம் மொய் செய்திருந்தார். அதை அவர் மறந்துவிட்டார், அத்தை மறக்கவில்லை. ஆடி பத்தாம் தேதி மாமா வீட்டு வாசலில் பந்தல் போட்டாயிற்று. பேங்க்காரரும் வந்து இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, ஐநூறு எழுதினார். எங்கள் முதலாளியும் வேறு வழியில்லாமல் எழுதினார்.

வந்த மொய்யில் நிலுவையைக் கட்டினார்கள், ஏலம் நின்றது. மாமா இப்போது அறந்தாங்கியில் லோடு ஆட்டோ ஓட்டித் தவணை கட்டுகிறார்.

"இவ்வளவு மொய்யையும் எப்ப அத்தை திருப்பிச் செய்வீங்க?" என்று நேராகவே கேட்டேன். அத்தை சுவரில் ஒட்டியிருந்த மிச்சப் பசையைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "ஊரு முச்சூடும் கடன்தான் பாப்பா. ஆனா ஒருத்தரும் செவுத்துல ஒட்ட மாட்டாக."

ஆக, நாமே விற்பதா, ஏலத்துக்கு விடுவதா என்று தவிப்பவர்களுக்கு நான் உள்ளதைச் சொல்கிறேன்: மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, அதில் எல்லாருக்கும் கறிச்சோறு உண்டு, புரோக்கருக்குத்தான் கமிஷன் கிடையாது.